தாயம் முடியும், ரீல்ஸ் முடியாது

"உன் வாழ்க்கையை ஒரு வீடியோ கேமாக மாற்று" என்ற அறிவுரை சில வருடங்களாகத் தமிழில் அமோகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யூட்யூபில் ஓடுகிறது, லிங்க்டுஇன்னில் ஓடுகிறது, கல்லூரிகளுக்கு மோட்டிவேஷன் பேச வருகிறவர்களின் ஸ்லைடுகளில் ஓடுகிறது. கவனம் சிதறுகிறதா? வேலையை லெவல் லெவலாகப் பிரி. ஒவ்வொரு லெவலுக்கும் பாயிண்ட் போடு. ஏழு நாள் விடாமல் செய்தால் உனக்கு நீயே ஒரு பேட்ஜ் கொடு. இதற்கென்று பத்து ஆப் இருக்கிறது, பிரீமியம் வாங்கினால் பேட்ஜ் தங்க நிறத்தில் வரும்.

இதற்குப் பின்னால் இருக்கும் லாஜிக்கில் எனக்குச் சண்டை இல்லை. பாடப்புத்தகத்தை ஐந்து நிமிஷம் பார்க்க முடியாத பையன் மொபைல் கேமை ஐந்து மணி நேரம் ஆடுகிறான் என்றால், அந்த கேமைச் செய்தவனுக்கு மனித மனதைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளலாம். சண்டை எங்கே என்றால், கற்றுக்கொண்டதாகச் சொல்லி எடுத்து வந்த சாமானில். பாயிண்ட், பேட்ஜ், ஸ்ட்ரீக், லீடர்போர்டு. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தெரிந்தே சொல்கிறேன், ஒரு கேமில் செய்வதற்கு மிகச் சுலபமான பகுதி இதுதான். ஒரு டேபிள், அதில் ஒரு கவுண்டர், நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓடி "இவர் இன்னைக்கு வரலை" என்று குறித்துவைக்க ஒரு கிரான் ஜாப். ஸ்ட்ரீக் என்பது அவ்வளவுதான், அரை நாள் வேலை. கல்யாண வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் வாழைமட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த கதை.

கேம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஆட்டம் போரடித்தால் குற்றம் ஆட்டத்துடையது, ஆடுகிறவனுடையது கிடையாது. அப்புறம், ஆடுகிறவன் எழுந்து போகலாம். எழுந்து போகாவிட்டாலும் ஆட்டம் ஒரு இடத்தில் முடியும். இந்த இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு ஸ்கோரை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். விட்டுவந்ததில் ஒரு காரியம் இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

முதல் விஷயத்துக்கு நல்ல உதாரணம் 'ஹாஃப்-லைஃப்'. வால்வ் நிறுவனத்தின் முதல் கேம் அது. 1997இல் வெளிவந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட முடித்தும்விட்டார்கள். ஆடிப் பார்த்தால் சுவாரஸ்யமாக இல்லை. பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார்கள். 1998 நவம்பரில்தான் வந்தது. அந்த மறுகட்டுமானத்தின்போது 200க்கும் மேற்பட்ட தடவை வெளியாட்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து ஆடவிட்டார்கள். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. "தம்பி, அந்தப் பக்கம் கதவு இருக்கு" என்று சொல்லக் கூடாது. ஆடுகிறவன் ஒரு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து எரிச்சலானால், அவனுக்கு அறிவு போதாது என்று யாரும் எழுதவில்லை. அந்த அறையைத்தான் இடித்தார்கள். ஆடுகிறவன் கவனம் எந்த நிமிஷத்தில் சிதறுகிறது என்பது அவர்களுக்குக் கிடைத்த மிக விலைமதிப்பான தகவல்.

இப்போது இதை உங்கள் அலுவலகத்தில், கல்லூரியில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் பீரியட் தெர்மோடைனமிக்ஸில் எழுபது பேரும் மொபைலைப் பார்க்கிறார்கள். என்ன முடிவுக்கு வருகிறோம்? "இந்தத் தலைமுறைக்கு அட்டென்ஷன் ஸ்பான் இல்லை." எழுபது பேர் ஒரே அறையில் முட்டிக்கொண்டு நின்றால் கேம் டிசைனர் அறையைச் சந்தேகப்படுவார். நாம் எழுபது பேரையும் சந்தேகப்படுகிறோம். அலுவலகத்தில் ஸ்டேட்டஸ் மீட்டிங், அந்த மீட்டிங்குக்குத் தயாராக ஒரு மீட்டிங், நடுநடுவே நிமிஷத்துக்கொரு தரம் சிணுங்கும் சாட். இதற்கிடையில் கோட் எழுத முடியவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு 'ஃபோகஸ்' பற்றி ஒரு வெபினார் ஏற்பாடு செய்கிறார்கள். அந்த வெபினாரும் மீட்டிங்தான். கேம் டிசைனை உண்மையிலேயே கடன் வாங்கியிருந்தால் முதலில் மாறியிருக்க வேண்டியது மீட்டிங் அட்டவணை.

கவனச்சிதறல் பல நேரங்களில் நோயே கிடையாது என்று நினைக்கிறேன். அது ஒரு சரியான தீர்ப்பு. 'இந்த வேலையில் நான் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை, செய்தது சரியா தப்பா என்று தெரிய மூன்று மாதமாகும், தெரிந்தாலும் எனக்கு ஆவது ஒன்றுமில்லை' என்று மனம் கணக்குப் போட்டுவிட்டு எழுந்து போகிறது. அதைப் பிடித்து இழுத்துவந்து கையில் ஒரு பேட்ஜைத் திணிப்பதற்குப் பெயர் ஊக்கமா?

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், முடிவு. இதற்குத் தாயம் போதும்.

எங்கள் சேத்தூர் பக்கம் திண்ணை சிமெண்டிலேயே தாயக்கட்டம் கீறி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இல்லாவிட்டால் கரிக்கட்டி, சாக்பீஸ், எது கிடைக்கிறதோ அது. காய்க்கு ஒருத்திக்குப் புளியங்கொட்டை, ஒருத்திக்கு உடைந்த வளையல், ஒருத்திக்குக் கூழாங்கல். ஒன்று விழுந்தால்தான் தாயம். தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது. அரை மணி நேரம் தாயமே விழாமல் உட்கார்ந்திருக்கும் அத்தையைப் பார்த்திருக்கிறேன். எழுந்து போக மாட்டார். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். அடுத்தவர் காயை வெட்டினாலும் இன்னொரு தடவை. ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகக் கூடாது என்பது எங்கள் தெரு விதி, அடுத்த தெருவில் வேறு விதி. விருந்தாளி யாராவது வந்து ஆட உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் விதி பேசியே போகும். "உங்க ஊர்ல எப்படியோ, இங்க வெட்டு இல்லாம பழம் கிடையாது மதினி."

சிலிக்கான் பள்ளத்தாக்கு கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தந்திரம் இதற்குள் முழுசாக இருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் மனதை அதிகம் பிடித்துவைக்கும். ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்து, ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957இல் பெரிய புத்தகமாகவே போட்டார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு தடவை தானியம் விழுந்தால் புறா வாங்கிக்கொண்டு சற்று ஓய்வெடுக்கும். எத்தனை கொத்தலுக்கு விழும் என்று தெரியாதபோது ஓய்வே எடுக்காமல் கொத்தும். தாயக்கட்டையும் அதைத்தான் செய்கிறது. இன்ஸ்டாகிராமில் கட்டைவிரல் மேலே தள்ளுவதும் அதைத்தான். அடுத்ததில் தாயம் விழலாம்.

ஆனால் தாயத்தில் காய்கள் பழம் ஏறிவிடும். ஏறியதும் ஆட்டம் முடிந்தது. இன்னொரு ஆட்டம் வேண்டுமானால் நாலு பேரும் சேர்ந்து "சரி, இன்னொன்னு" என்று சொல்ல வேண்டும். அதற்குள் ஒருவருக்கு உலை வைக்கணும், ஒருவர் பிள்ளை அழும். முடிவு என்பது ஆட்டத்தின் குறைபாடு கிடையாது, அது ஒரு பாகம், கட்டத்தைப் போல, காயைப் போல. ஏசா ராஸ்கின் 2006இல் முடிவற்ற ஸ்க்ரோலை உருவாக்கியபோது கழற்றி எறியப்பட்டது இந்தப் பாகம்தான். அதற்கு முன் பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்று ஒரு பட்டன் இருந்தது. அந்த இடத்தில் அரை நொடி நாம் யோசித்தோம். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். பட்டன் என்னவோ திரும்பி வரவில்லை.

வைகுண்ட ஏகாதசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எனவே பெருமாள் வீடுகளின் பழக்கவழக்கம் கொஞ்சம் தெரியும். ஏகாதசி அன்று விரதம், இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டும், துவாதசி காலையில் விரதம் முடிக்கலாம். பசியோடு இரவெல்லாம் விழித்திருப்பது லேசில்லை. நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி பரமபதம். சோப்பன படம் என்றும் சொல்வார்கள். ஏணியில் ஏறிப் பாம்பில் இறங்கி, வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு விழுங்கி அடியில் தள்ள, தூக்கம் எங்கே வரும்? கவனத்தைக் காப்பாற்ற, ஊக்கத்தை உண்டாக்க ஆட்டத்தின் வடிவத்தைப் பயன்படுத்துவது என்று இன்று ஸ்லைடில் போடுகிறார்களே, அது இந்த மண்ணில் பல தலைமுறையாக நடக்கிறது. விடிந்தால் படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் இரவும் விழித்து ஆடு, ஸ்ட்ரீக் போய்விடும் என்று பெருமாள் நோட்டிஃபிகேஷன் அனுப்புவதில்லை.

இன்னொரு வகையில் இரவெல்லாம் விழித்து ஆடியவர்களையும் தமிழ்நாடு பார்த்தது. ஆன்லைன் ரம்மி. அதன் சட்டக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எவ்வளவு வருடம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அதில் தெரியும். ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்பதுதான் அந்தக் கேள்வி. 1968இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. ஒரு கிளப்பில், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சீட்டைக் கையில் கலைத்து ஆடிய ரம்மியைப் பற்றிய வழக்கு அது. ஐம்பது வருடம் கழித்து செல்போன் கம்பெனிகள் அதே தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் புதிய சட்ட முன்வடிவு, ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது என்று நீண்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தடை செய்தது செல்லாது என்றது.

கிளப் ரம்மிக்கும் ஆப் ரம்மிக்கும் சீட்டில் வித்தியாசம் இல்லை. கிளப்பில் எதிராளிக்குத் தூக்கம் வரும். காசு தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் கேட்க வேண்டும், வெட்கமாக இருக்கும். இரவு கதவை அடைப்பார்கள். வீட்டிலிருந்து யாராவது தேடி வருவார்கள். திறமை அதேதான், ஆப் கழற்றி எறிந்தது கதவைத்தான். எந்நேரமும் ஒரு எதிராளி தயார், காசு போட ஒரு விரல் தட்டு. நடாஷா டவ் ஷுல் லாஸ் வேகஸ் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றி 2012இல் எழுதிய புத்தகத்தில் வரும் ஆட்டக்காரர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை என்றே சொல்கிறார்கள். இயந்திரத்தோடு ஒன்றிப்போய் எல்லாம் மறந்திருக்கும் அந்த நிலை தொடர வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தால்கூட இடைஞ்சல். முடிவே வேண்டாத ஆட்டம்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் படித்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம். காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை அனுமதி கிடையாது. ஒரு மணி நேரம் ஆடினால், அதன்பின் அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறீர்கள் என்று திரையில் எச்சரிக்கை வர வேண்டும். அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. ஆகஸ்ட்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடைசெய்ய நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தது வேறு கதை. எனக்கு அந்த 12–5தான் முக்கியம். திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றத்தை விட்டு, அரசாங்கம் முதல் தடவையாக ஒரு டிசைனரைப் போல யோசித்திருந்தது. கழற்றி எறியப்பட்ட கதவைத் திரும்ப மாட்டியது. திண்ணையில் விளக்கை அணைப்பதற்கு அரசிதழில் அறிவிப்பு போட வேண்டிய காலம்.

"காசு வைத்து ஆடுவதும் நான் டாஸ்க்குக்குப் பாயிண்ட் போடுவதும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நிர் எயல் என்றொருவர் 2014இல் 'ஹூக்டு' என்ற புத்தகம் எழுதினார். மக்களுக்குப் பழக்கமாகிவிடும்படி ஒரு ஆப்பை எப்படி வடிவமைப்பது என்று தொழில்முனைவோருக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். 2019இல் அவரே 'இன்டிஸ்ட்ராக்டபிள்' எழுதினார். உங்கள் கவனம் சிதறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். இரண்டும் நன்றாக விற்றன. தூண்டிலும் அவரே, மீனுக்கு மருந்தும் அவரே. அவர் இரண்டையும் நேர்மையாகவே எழுதியிருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் புத்தகத்தில் எல்லாப் பொறுப்பும் வடிவமைப்பின் கையில், இரண்டாவதில் பெரும்பாலான பொறுப்பு நம் தலையில் என்று மாறிப்போனதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதை வேலைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையத்துக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1938இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் மூன்று ஷிப்ட்டில் சுழல்கிறது. ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேமில் ஹேங்க் மீட்டர் என்று ஒன்று இருக்கும். இந்த ஷிப்ட்டில் இந்த மெஷினில் எவ்வளவு நூல் ஓடியது என்று எண்ணில் காட்டும். லைவ் ஸ்கோர். உடனடி ஃபீட்பேக். தெளிவான இலக்கு. கேமிஃபிகேஷன் புத்தகம் கேட்கும் எல்லாம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பஞ்சுத்தூசியோடு வெளியே வரும் எவரும் இன்னைக்கு நல்ல ஆட்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எண் இருப்பதால் எதுவும் விளையாட்டாகிவிடாது. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் எழுதிய 'தி கிராஸ்ஹாப்பர்' என்ற நூலில் விளையாட்டுக்கு ஒரு இலக்கணம் சொன்னார்: தேவையே இல்லாத தடைகளை, தானாக விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வது. அந்த 'விரும்பி' போய்விட்டால் மிச்சமிருப்பது மீட்டர்.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் சலவைப் பிரிவில் ஊழியர்களின் வேகத்தைப் பெயரோடு பெரிய திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போட்டார்கள். 2011இல் செய்தியாக வந்தது. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் எலெக்ட்ரானிக் சாட்டை. ஊபர் ஓட்டுநர் ஆப்பை அணைக்கப் போகும் நொடியில், இன்னும் கொஞ்சம் ஓட்டினால் இத்தனை டாலர் இலக்கைத் தொட்டுவிடலாம் என்று செய்தி காட்டியதை 2017இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அணைக்கும் நொடியில், கவனியுங்கள். ஆட்டக்காரன் எழுந்திருக்கும்போது கையைப் பிடித்து உட்காரவைப்பது. சென்னையில் 2022 செப்டம்பரில் ஸ்விகி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பிரச்சினை புதிய ஊதிய முறையும் நேர ஸ்லாட்டும் இன்சென்டிவும்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்பு மட்டும் விதியை மாற்றுகிறது. தாயத்தில் யாராவது அப்படிச் செய்தால் கட்டத்தை அழித்துவிட்டு எழுந்துவிடுவோம். அவர்களும் பைக்கை ஓரங்கட்டிவிட்டு அதைத்தான் செய்தார்கள்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள், இது கம்பெனிக்காரன் தொழிலாளிக்குச் செய்வது, நான் எனக்கே செய்துகொண்டால் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாத்திரம் துலக்குவது, ஜிஎஸ்டி பில் அடுக்குவது, டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி மாதிரி எந்த விதத்திலும் சுவாரஸ்யமாக்க முடியாத வேலைக்குப் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பிடித்த வேலைக்குப் போடாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். மற்றவர்களில் சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் வரைந்தார்கள். பரிசு வந்து ஆசையைத் தின்றுவிட்டது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இதன் உள்ளூர் வடிவம் நன்றாகவே தெரியும்: குட்ரீட்ஸின் வருடாந்திர வாசிப்புச் சவால். ஜனவரியில் 'இந்த வருடம் 60 புத்தகம்' என்று போடுகிறோம். ஜூலையில் 'நீங்கள் 4 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்கிறது. பின்தங்கியா? யாரைவிட? டிசம்பரில் என்ன நடக்கிறது என்று உங்கள் நண்பர்களின் பட்டியலைப் பாருங்கள். எல்லாம் எண்பது பக்கம், தொண்ணூறு பக்கம். ஆயிரம் பக்க நாவல் ஒன்று அலமாரியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையில் அதுவும் ஒன்று, எண்பது பக்கமும் ஒன்று. ஒரு நல்ல கவிதைத் தொகுப்பை மூன்று மாதம் வைத்து நாலு நாலு கவிதையாகப் படிக்கிறவன் இந்த ஆட்டத்தில் தோற்கிறான். மறுவாசிப்பு செய்கிறவனும் கிட்டத்தட்டத் தோற்கிறான். வாசிப்பு என்ற ஆட்டத்தின் விதிகளை எழுதத் தெரியாதவர்கள் எழுதிய ஸ்கோர் அது. அதைப் புகைப்படம் எடுத்து ஸ்டோரி போடுகிறோம்.

சரி, விளையாட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

குகேஷிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அவருக்கு விஷ்ணு பிரசன்னா பயிற்சி கொடுத்த ஆரம்ப வருடங்களில் ஒரு விசித்திரமான பரிசோதனை நடந்தது. கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை கணினி எஞ்சினைத் தொடாமலேயே தயாரானார். செஸ் தெரியாதவர்களுக்காக: எஞ்சினைத் திறந்துவைத்தால் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு காய்க்கும் உடனே ஒரு எண் வரும், +0.7, -1.2 என்று. உடனடி ஃபீட்பேக்கின் உச்சம் அது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்தே வளர்ந்தபோது ஒரு பையன் மட்டும் எண் இல்லாமல், ஒரு நிலையைத் தானே பார்த்து, யார் பக்கம் நன்றாக இருக்கிறது, ஏன் என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அங்கும் ஃபீட்பேக் இருந்தது, பலகையிலிருந்தே வந்தது. தப்பாக யோசித்தால் அடுத்த பத்து நகர்வில் குதிரை போய்விடும். எழுதுகிறவனுக்கு மறுநாள் காலையில் தன் பத்தியைப் படிக்கும்போது வரும் கூச்சம், புரோகிராமருக்கு டெஸ்ட் ஓடாமல் சிவப்பாக நிற்பது, மேஸ்திரிக்கு ரசமட்டத்தில் குமிழி நகர்வது எல்லாம் இந்த வகை. வேலையே பேசுகிறது. நீங்கள் ஒரு எண்ணை மேலே ஒட்டினால் காது அந்த எண்ணுக்குப் போய்விடும், வேலை பேசுவது கேட்காது.

கபடியிடமிருந்து இன்னொன்று. பொமோடோரோ என்று 25 நிமிஷம் அலாரம் வைத்து வேலை செய்யும் முறையை இத்தாலியிலிருந்து இறக்குமதி செய்துகொண்டோம், நல்ல முறைதான். பாடிப் போகிறவனின் மூச்சு அதைவிடப் பழைய கடிகாரம். ஒரு மூச்சு. அதற்குள் கோட்டைத் தாண்டிப் போய், தொட்டு, திரும்ப வேண்டும். இப்போது டிவி கபடியில் 30 நொடி என்று வரையறுத்துவிட்டார்கள். அந்த மூச்சுக்குள் ஒருவனால் வாட்ஸப் பார்க்க முடியாது என்பதற்குக் காரணம் அவனுடைய மன உறுதி கிடையாது. நேரம் சின்னது, கோடு தெளிவானது, எதிரில் ஏழு பேர் நிற்கிறார்கள், திரும்பி வந்தால் மூச்சு விடலாம். நான் கடினமான பக்ஸைத் தேடும்போது இப்படித்தான் செய்கிறேன்: இந்த ஒரு ஃபங்ஷனுக்குள் தப்பு இருக்கிறதா இல்லையா, அது மட்டும் கேள்வி. போனை அடுத்த அறையில் போட்டுவிட்டுப் போய், இருக்கிறது அல்லது இல்லை என்று தெரிந்ததும் எழுந்து நடப்பேன். எத்தனை தடவை போனேன் என்று எங்கும் குறித்துவைப்பதில்லை. குறித்துவைத்தால் அடுத்த வாரம் அதை ஒரு சார்ட் ஆக்கத் தோன்றும், எனக்கு என்னைத் தெரியும்.

இதெல்லாம் ஆட்டத்தின் உள்ளே. ஆட்டமே பழுதாக இருந்தால்? சேத்தூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் டிகிரி முடித்த பிள்ளைகளில் நிறையப் பேர் இப்போது டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார்கள். 2024 குரூப் 4க்கு முதல் அறிவிப்பில் 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். முதல் கணக்குப்படி 300க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு இடம். 300 பேர் ஆடி ஒருவர் மட்டும் தாண்டும் ஒரு லெவலை எந்த கேம் ஸ்டூடியோவிலும் வெளியிட விடமாட்டார்கள். உடைந்த லெவல் என்று திருப்பி அனுப்புவார்கள். இங்கே அந்த லெவலில் நிற்கும் பிள்ளையிடம் போய், உனக்குக் கவனம் போதாது தம்பி, மோட்டிவேஷன் போதாது, படிப்பை கேம் ஆக்கு, ஸ்ட்ரீக் வை என்கிறோம். மார்க் வரிசையைச் சுவரில் ஒட்டும் கோச்சிங் சென்டர்களும் அதைத்தான் செய்கின்றன. தேர்வுகள் தள்ளிப்போவதும், வேலைவாய்ப்பு அந்த ஒரு வாசலில் குவிந்துகிடப்பதும் அவன் டோபமினால் வந்த பிரச்சினைகளா?

என் சித்தி மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனும் அவன் கூட்டாளியும் சாயங்காலம் நூலகத்து வாசலில் உட்கார்ந்து ஒருவனை ஒருவன் கேள்வி கேட்கிறார்கள். பழைய வினாத்தாளிலிருந்து கணக்கு மட்டும். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டவன் அதைத் தானே போட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் டீ அவன் கணக்கு. விதியை அவர்களே போட்டார்கள், இரண்டு தடவை சண்டை போட்டு மாற்றியும் இருக்கிறார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது, "இதுல உனக்கு மொத்தம் எத்தனை டீ லாபம்?" என்று கேட்டேன். "எண்ணலண்ணே" என்றான். "எட்டு மணிக்கு நூலகத்தைப் பூட்டிருவாங்க. அதுக்கு மேல என்ன படிப்பு, போய் தூங்க வேண்டியதுதான்."